‘வருந்துகிறோம்’ என்றாவது சொல்லுங்கள்

ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் பூர்ணாவுக்கு மைசூரிலிருந்து ஆர்.கே.நாராயண் ஒரு வேண்டுகோள் அனுப்பினார். தன் நாவலின் பிரதியில் ஒரு கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் மூழ்கடித்துவிட வேண்டும் என்பதே அது. லண்டன் பதிப்பாளர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் திருப்பி அனுப்பிய நாவல் அது. ஒவ்வொரு மறுப்பும் கப்பலில் வந்து சேர வாரக்கணக்கில் ஆன காலம். பூர்ணா நதிக்கரைக்குப் போகவில்லை. பிரதியை ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 1935-இல் ஹாமிஷ் ஹாமில்டன் நிறுவனம் அதை வெளியிட்டது. அந்த நாவல்தான் ‘சுவாமியும் சிநேகிதர்களும்’.

இந்தக் கதையை எல்லோரும் வெற்றிக் கதையாகவே சொல்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளைத்தான் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கும் எவரும் கவனமாகப் படிக்க வேண்டும். சென்னை புரசைவாக்கத்தில் பிறந்த நாராயண், ஆசிரியர் வேலையை உதறிவிட்டு, எழுத்தையே தொழிலாகக் கொள்வது என்று முடிவெடுத்தவர். எழுத்தில் அவருக்கு முதல் ஆண்டு கிடைத்த வருமானம் 9 ரூபாய் 12 அணா. கல்யாணம் ஆனதும் வீட்டுக்குப் பணம் வேண்டியிருந்தது. நீதிக்கட்சியின் ஆங்கில நாளேடான ‘ஜஸ்டிஸ்’ இதழுக்கு மைசூர் நிருபரானார். கடைத்தெரு, நீதிமன்றம், நகராட்சி என்று நாள் முழுதும் அலைந்து செய்தி சேகரித்தார். அச்சில் வந்த நீளத்துக்குத்தான் பணம். அனுப்பியதில் எவ்வளவு அச்சேறும் என்பது சென்னையில் இருந்தவர்கள் கையில். இன்றைய சொல்லில் சொன்னால் அவர் ஒரு ஃப்ரீலான்ஸர்.

தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் பிழைப்பின் அடிப்படை மாறவில்லை. மாத சம்பளம் இல்லாமல் எழுதுகிறவர், ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து, ‘இதை இப்படி எழுதித் தருகிறேன், உங்களுக்கு வேண்டுமா?’ என்று ஆசிரியர் குழுவுக்கு எழுதிக் கேட்கிறார். ஆங்கிலப் பத்திரிகையாளர்கள் இதை ‘பிட்ச்’ என்கிறார்கள். தமிழ் நிருபர்கள் பேச்சிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. பத்து பிட்ச் அனுப்பினால் ஒன்றிரண்டு ஏற்கப்படலாம். மற்றவை மறுக்கப்படும். மறுப்பைத் தாங்கிக்கொள்வது எப்படி என்று எழுத்தாளருக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆள் ஏராளம். மறுக்கிறவருக்கும் ஒரு கடமை இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

அஞ்சல் காலத்தில் அந்தக் கடமைக்கு ஒரு சடங்காவது இருந்தது. கதையோடு, சுயவிலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் வைத்து அனுப்ப வேண்டும் என்று இதழ்கள் நிபந்தனை போட்டன. பிரசுரமாகாவிட்டால் கதை அந்த உறையிலேயே வீடு திரும்பும். கூடவே அச்சடித்த ஒரு சிறு சீட்டு: பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். தபால்காரர் நீட்டுவது கனமான உறை என்றால் கதை திரும்பிவிட்டது. மெல்லிய கடிதமோ அஞ்சலட்டையோ என்றால் நெஞ்சு படபடக்கும். பிரிக்காமலே விஷயம் தெரிந்துவிடும். வலிக்கும்தான். ஆனால் கதை கையில் இருக்கும். மறுநாளே மேலட்டையை மாற்றி வேறு இதழுக்கு அனுப்பலாம்.

மின்னஞ்சல் வந்தபிறகு அந்த உறைக்கு வேலையில்லாமல் போயிற்று. பதிலுக்குத் தபால்தலைச் செலவுகூட இல்லை. பதிலும் இல்லை. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, யாராவது படித்தார்களா, பரிசீலனையில் இருக்கிறதா, குப்பைக்குப் போய்விட்டதா என்று எதுவும் தெரியாது. கிணற்றில் போட்ட கல். ‘ஒரே படைப்பை வேறு இதழுக்கும் அனுப்பாதீர்கள்’ என்ற நிபந்தனை மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரு பக்கம் எழுத்தாளரின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, மறுபக்கம் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பது நியாயமில்லை.

மறுப்பு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்பதற்கு ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 2003-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த நவோமி ஐசன்பெர்கரும் சக ஆய்வாளர்களும் ‘சயின்ஸ்’ இதழில் அதை வெளியிட்டார்கள். மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் ஒருவரைப் படுக்கவைத்து, கணினித் திரையில் இன்னும் இருவரோடு பந்து எறிந்து விளையாடச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்த இருவரும் தங்களுக்குள்ளேயே பந்தைப் போட்டுக்கொள்ள ஆரம்பிப்பார்கள். இவர் பக்கம் பந்தே வராது. அப்போது மூளையில், உடல்வலியின் வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதி சுறுசுறுப்படைந்ததைக் கண்டார்கள். இரு வலிகளும் எந்த அளவுக்கு ஒன்று என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. அந்த விளையாட்டில் எவரும் எவரையும் திட்டவில்லை. ‘நீ வேண்டாம்’ என்றுகூடச் சொல்லவில்லை. பந்து வராமல் போனது, அவ்வளவுதான். பதில் வராத மின்னஞ்சலும் அப்படிப்பட்டதே.

வலியைத் தாங்க எழுத்தாளர்களுக்கு வழக்கமாக ஊட்டப்படும் மருந்து, பிரபலங்களின் மறுப்புக் கதைகள். ஹாரி பாட்டரைப் பன்னிரண்டு பதிப்பகங்கள் மறுத்த கதையைக் கேட்காதவர் இல்லை. அந்தக் கதையில் ஒரு குறை உண்டு: வென்றவர்கள் மட்டும்தான் அதைச் சொல்ல முடிகிறது. அதைவிடப் பயனுள்ளது ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங் பிற்பாடு செய்த காரியம். ராபர்ட் கால்பிரெய்த் என்ற புனைபெயரில், தன் அடையாளத்தை மறைத்து, ஒரு துப்பறியும் நாவலைப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். மறுப்புகள் வந்தன. 2016-இல் அவற்றுள் இரண்டு கடிதங்களை அவரே பொதுவெளியில் பகிர்ந்தார். எழுதுவதற்கான பயிற்சி வகுப்பு ஏதாவது உதவக்கூடும் என்று ஒரு கடிதம் அவருக்கு ஆலோசனை சொல்லியிருந்தது. உலகம் முழுவதும் விற்றுத் தீர்ந்த புத்தகங்களை எழுதிய அதே கைதான் அதையும் எழுதியது. பெயர் மட்டும் இல்லை.

ஆக, மறுப்பு என்பது எழுத்துக்குப் போடப்படும் மதிப்பெண் அல்ல. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆசிரியர் குழுவின் மேசையில் நடப்பதே அதுதான். போன வாரம் இதே விஷயத்தை வேறொருவர் எழுதியிருப்பார். கடைசி நேரத்தில் அரைப் பக்க விளம்பரம் வந்திருக்கும். சட்டச் சிக்கல் வரும் என்று யாரோ பயந்திருப்பார்கள். அந்த மாதத்துச் சன்மானப் பணம் தீர்ந்திருக்கும். அல்லது கட்டுரை உண்மையிலேயே சுமாராக இருந்திருக்கும். இவை அத்தனைக்கும் எழுத்தாளருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றே என்பதுதான் கொடுமை. காரணம் தெரியாதபோது மனிதர்கள் மிகக் கடுமையான காரணத்தைத் தாங்களே கற்பித்துக்கொள்கிறார்கள்.

சில மறுப்புகளில் எழுத்தின் தரம் பேச்சிலேயே இருக்காது. ஜார்ஜ் ஆர்வெல் ‘விலங்குப் பண்ணை’யை 1944-இல் முடித்துவிட்டு பதிப்பாளர்களைத் தேடினார். அப்போது சோவியத் ரஷ்யா பிரிட்டனின் போர்க்காலத் தோழன். ஸ்டாலினை உரித்துக் காட்டும் புத்தகத்தைத் தொட யாருக்கும் துணிச்சல் இல்லை. ஜோனதன் கேப் நிறுவனம் முதலில் ஆர்வம் காட்டிவிட்டு, அரசின் தகவல் அமைச்சகத்து அதிகாரி ஒருவர் எச்சரித்ததும் பின்வாங்கியது. ஃபேபர் நிறுவனத்தில் இருந்த கவிஞர் டி.எஸ்.எலியட் ஜூலை மாதம் எழுதிய கடிதத்தில் எழுத்தைப் பாராட்டினார். நூலின் அரசியல் பார்வை தங்களுக்கு ஏற்புடையதாகப் படவில்லை என்று மறுத்தார். அதற்குச் சில நாள் முன்புதான் ஆர்வெலின் வீட்டை ஜெர்மானிய பறக்கும் குண்டு சேதப்படுத்தியிருந்தது. இடிபாட்டிலிருந்து எடுத்த கசங்கிய பிரதியைத்தான் எலியட்டுக்கு அவர் அனுப்பினார். கடைசியில் செக்கர் அண்ட் வார்பர்க் நிறுவனம் 1945 ஆகஸ்டில் வெளியிட்டது. எலியட்டின் முடிவு தவறு என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனாலும் அவர் நூலை முழுக்கப் படித்தார், காரணத்தை எழுதினார், கையெழுத்துப் போட்டார். தன் புத்தகம் எதற்காகத் திரும்பி வந்தது என்று ஆர்வெலுக்குத் தெரிந்திருந்தது. அது பெரிய விஷயம்.

மறுப்பு எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதும் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் நிக்கல்ஸ் 2015-இல் தன் அனுபவத்தை எழுதினார். ஒரே நாவல், ஒரே அறிமுகக் கடிதம். தன் பெயரில் இலக்கிய முகவர்கள் 50 பேருக்கு அனுப்பியபோது இரண்டு பேர் பிரதியைக் கேட்டார்கள். ஜார்ஜ் என்ற ஆண் பெயரில் 50 பேருக்கு அனுப்பியபோது கேட்டவர்கள் 17 பேர். ஒரே ஒருவரின் சோதனைதான். இதை வைத்து ஒரு துறையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் சிற்றூரிலிருந்து எழுதும் பெண்ணோ, பத்திரிகை உலகில் யாரையும் தெரியாத முதல் தலைமுறைப் பட்டதாரியோ, ‘என் எழுத்து சரியில்லையா, என் முகவரி சரியில்லையா?’ என்று கேட்டால், அதை மனப்பிரமை என்று தள்ளிவிடுவதும் முடியாது.

மறுப்பை எதிர்த்துக் கேள்வி கேட்டு இடம் பிடித்தவர்களும் உண்டு. 1993-இல் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வின் ஆய்வுநல்கைக்கு விண்ணப்பித்தார் பத்திரிகையாளர் பி.சாய்நாத். நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களுக்குப் போய் எழுதுகிறேன் என்பது அவர் திட்டம். எங்கள் வாசகர்களுக்கு இதில் அக்கறையில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று நேர்முகத்தில் கேட்டார்கள். வாசகர்கள் சார்பாக இப்படிச் சொல்ல, அவர்களை நீங்கள் கடைசியாக எப்போது சந்தித்தீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். நல்கை கிடைத்தது. அந்தப் பயணத்தில் எழுதியவற்றிலிருந்து 1996-இல் ஒரு புத்தகம் வந்தது. அதில் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் இருக்கின்றன. அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பற்றிய அவருடைய கட்டுரை, பின்னர் என்.சி.இ.ஆர்.டி.யின் இந்திப் பாடநூலிலேயே பாடமானது. வாசகருக்கு அக்கறையில்லை என்று கருதப்பட்ட வகையைச் சேர்ந்த விஷயம் அது.

எல்லோராலும் அப்படித் திருப்பிக் கேட்டுவிட முடியாது. ஆனால் மறுக்கப்பட்ட பிட்ச்சை மறுபடி எடுத்துப் படிக்க எல்லோராலும் முடியும். ஓர் உதாரணம். ‘தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கை பற்றி எழுத விரும்புகிறேன்’ என்று ஒருவர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுப்பு வருவதில் ஆச்சரியம் இல்லை. அது தலைப்பு, கட்டுரை இல்லை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளத்தில் வேலை நின்றுவிடுகிறது. அந்த மாதங்களுக்கென்று 2022-இல் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது. ஒரு குடும்பம் மழைக்காலம் முழுவதையும் அதை வைத்து எப்படி ஓட்டுகிறது, யாருக்கு அது வந்து சேராமல் போகிறது, அந்த மாதங்களில் பெண்கள் வேறு என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டால் அங்கே கட்டுரை இருக்கிறது. இன்னாரிடம் பேசிவிட்டேன், இத்தனை சொற்களில் தருகிறேன், படம் இருக்கிறது, மழை தொடங்கும் வாரத்தில் வந்தால் பொருத்தம் என்று நாலு வரி சேர்த்தால் ஆசிரியர் யோசிப்பார். அப்போதும் மறுக்கலாம். ஆனால் அந்த மறுப்பிலிருந்து கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும்.

நீண்டகாலம் இந்தத் தொழிலில் தாக்குப்பிடித்தவர்களிடம் பெரும்பாலும் ஒரு நோட்டு இருக்கும். எந்தத் தேதியில், எந்த இதழுக்கு, என்ன அனுப்பினோம், என்ன பதில், அடுத்து எங்கே அனுப்புவது. மளிகைக் கடைக் கணக்கு மாதிரி. பார்க்க அற்பமாக இருக்கும். ஆனால் அது மனதிலிருக்கும் பாரத்தைக் காகிதத்துக்கு மாற்றிவிடுகிறது. ஒரு கட்டுரை திரும்பி வரும் நாளில் இன்னும் நாலு கட்டுரை வெளியே உலவிக்கொண்டிருக்கிறது என்று அந்த நோட்டு சொல்லும். ஓர் இதழ் ‘இது வேண்டாம், வேறு ஏதாவது அனுப்புங்கள்’ என்று எழுதியிருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பலர் அதையும் மறுப்புக் கணக்கிலேயே எழுதிவிட்டு ஒதுங்கிப்போகிறார்கள். நேரமில்லாத ஆசிரியர் உட்கார்ந்து எழுதிய அந்த அரை வரி ஓர் அழைப்பு. ஒரு வாரத்துக்குள் அடுத்ததை அனுப்பிவிட வேண்டும்.

ஒரு பூர்ணாவும் வேண்டும். மறுப்பு வந்த இரவில் எழுதியவரே தன் எழுத்துக்கு மிக மோசமான நீதிபதி. கல்லைக் கட்டச் சொன்னவர் நாராயண்தான், பதிப்பாளர் இல்லை. அப்போது பிரதி இன்னொருவர் கையில் இருந்ததால் பிழைத்தது. தன் எழுத்தை நேர்மையாகப் படித்துச் சொல்லும் ஒருவரை முன்கூட்டியே சம்பாதித்து வைத்திருப்பது, எழுதிப் பிழைப்பவருக்குச் சேமிப்புக் கணக்கைவிட அவசியம்.

அடிக்கடி பேசப்படும் இன்னொரு மனக்குறை: அனுப்பிய யோசனை மறுக்கப்பட்டது, மூன்று வாரம் கழித்து அதே விஷயம் அதே இதழில் வேறொருவர் பெயரில் வந்தது. சில சமயம் தற்செயல். சில சமயம் இல்லை. சட்டம் இங்கே கைகொடுக்காது. பதிப்புரிமை காப்பது எழுதிய விதத்தைத்தான், யோசனையை இல்லை என்று ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இலேயே சொல்லிவிட்டது. யோசனையோடு தனக்கு மட்டுமே வாய்த்த தகவலை, தான் மட்டுமே போகக்கூடிய இடத்தைச் சேர்த்து அனுப்புவதுதான் ஓரளவு பாதுகாப்பு. ஆனால் பாதுகாப்பைத் தேட வேண்டிய நிலையில் எழுத்தாளரை வைத்திருப்பது இதழ்களுக்குப் பெருமை சேர்க்கும் விஷயம் இல்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் மறுப்பைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு. ஒரு கட்டுரைக்காகப் பேருந்து ஏறி, தங்கி, பத்துப் பேரிடம் பேசி, இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியவருக்கு, மறுப்பு என்பது மனச்சோர்வோடு நிற்பதில்லை. அந்த மாத வாடகையில் ஒரு துண்டு விழுகிறது. அமெரிக்க, பிரிட்டிஷ் இதழ்கள் பலவற்றில் ‘கில் ஃபீ’ என்றொரு வழக்கம் உண்டு. எழுதித் தரச் சொல்லிவிட்டு, பிறகு இதழ் தன் காரணத்துக்காகக் கைவிட்டால், பேசிய தொகையில் ஒரு பங்கை எழுத்தாளருக்குக் கொடுத்துவிடும். தமிழ் இதழ்களில் இந்த வழக்கம் வேர்விடவில்லை. கேட்டு வாங்கிய கட்டுரை கிடப்பில் கிடந்தால் எழுதியவர் பேசாமல் இருந்துவிடுகிறார். கேட்டால் அடுத்த வாய்ப்பும் போய்விடுமோ என்ற பயம். கேட்டு வாங்கியதைக் கைவிட்டால் சன்மானத்தில் பாதியாவது தர வேண்டும். உழைப்பு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.

எல்லாக் கதவும் மூடினால் சொந்தமாக ஒரு கதவு வைத்துக்கொண்டவர்களும் தமிழில் உண்டு. வெகுஜன இதழ்களில் தான் விரும்பிய விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் இடமில்லை என்று கண்ட எழுத்தாளர் சி.சு.செல்லப்பா, 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். 1962-இல் அதில் வந்த கவிதைகளிலிருந்து 24 கவிஞர்களின் படைப்புகளைத் தேர்ந்து ‘புதுக்குரல்கள்’ தொகுப்பை வெளியிட்டார். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இலக்கிய வரலாறு அவரைக் கொண்டாடுகிறது, கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அந்த மூட்டையின் கனத்தை மறந்துவிட்டு, ‘இடம் கிடைக்காவிட்டால் நீயே பத்திரிகை நடத்து’ என்று இன்றைய இளைஞருக்குச் சொல்வது பொறுப்பற்ற ஆலோசனை. எழுதுவது ஒரு வேலை, இதழ் நடத்துவது இன்னொரு வேலை. முன்னதைச் செய்ய வந்தவர் பின்னதையும் செய்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இதழ்களிடம் கேட்பது அதிகமில்லை. தினமும் குவியும் மின்னஞ்சல்களுக்கு எலியட் மாதிரி கடிதம் எழுத எவருக்கும் நேரம் கிடையாது, அது புரிகிறது. வந்து சேர்ந்தது என்று தானாகவே போகும் ஒரு பதில். அதிலேயே ஒரு கெடு: நடப்புச் செய்தியை ஒட்டிய கட்டுரை என்றால் ஒரு வாரம், மற்றவை என்றால் ஒரு மாதம், அதற்குள் எங்களிடமிருந்து தகவல் இல்லையென்றால் நீங்கள் தாராளமாக வேறு இடத்துக்கு அனுப்பலாம் என்று ஒரு வரி. முடிந்தால், ஏன் வேண்டாம் என்பதற்கு நாலு சொல்: ‘ஏற்கெனவே வந்துவிட்டது’, ‘இடமில்லை’, ‘இன்னும் தகவல் வேண்டும்’. இதற்குப் புதிதாக ஓர் ஊழியரை நியமிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் உட்கார்ந்து அமைத்துவிட்டால் போதும்.

தூத்துக்குடி கட்டுரை செப்டம்பர் கடைசியில் ஓர் இதழுக்குப் போகிறது என்று கொள்வோம். வேண்டாம் என்ற பதில் அக்டோபர் முதல் வாரத்தில் வந்துவிட்டால், எழுதியவர் அதை அன்றைக்கே இன்னோர் இதழுக்கு அனுப்பலாம். பாத்திகளில் மழைநீர் நிற்கும் நாட்களிலேயே அது அச்சில் வந்துவிடக்கூடும். பதிலே வராமல் ஜனவரி வரை காத்திருந்தால், அதற்குள் மழை ஓய்ந்திருக்கும், பாத்தியைச் சீரமைக்க ஆட்கள் திரும்பியிருப்பார்கள். அந்தக் கட்டுரையை அச்சிட அடுத்த மழைவரை எந்த இதழுக்கும் காரணம் இருக்காது.